உங்கள் தம்பி கேம்பர் பார்க்கப் போன கதை

டில்லன், மொன்டானா
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்

பெருமதிப்பிற்குரிய நாத்தனார் ஐடெல்லா அக்கா அவர்களுக்கு,

தம்பி மனைவி மார்லிஸ் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தம்பி ஆர்டனும் சுகம். அங்கே பிஸ்மார்க்கில் உங்கள் இடுப்பும், அதற்குள் டாக்டர் வைத்த புது மூட்டும் சண்டை போடாமல் ஒற்றுமையாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நீங்கள் அனுப்பிய ஜாம் வந்து சேர்ந்தது. ஒரு பாட்டில் வழியிலேயே உடைந்து அட்டைப்பெட்டிக்கு ஊட்டிவிட்டது, மற்றது அருமை. எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள் போன ஈஸ்டருக்குச் செய்த அதே தப்பை இந்த ஈஸ்டருக்கும் மாறாமல் செய்தார். சுகச் செய்தி இவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் உங்கள் தம்பி.

அக்கா, அவரை நீங்கள்தான் தடுக்க வேண்டும். சின்ன வயதில் அவர் காதைத் திருகி வளர்த்தவர் நீங்கள்; இந்த உலகத்தில் அவர் பயப்படுகிற ஒரே ஆளும் நீங்கள்தான். கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டி ஓட்டி ஓய்வு பெற்றாரே, அன்றிலிருந்து மனிதர் வாயைத் திறப்பதில்லை. கராஜில் உட்கார்ந்து திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்து டப்பாக்களில் போடுவார். போட்டு முடித்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு மறுபடி பிரிப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் 'ம்'. காபி வேண்டுமா என்றால் 'ம்ஹும்'. இந்த இரண்டு சொல்லை வைத்தே நாங்கள் ஒரு குளிர்காலத்தைத் தள்ளினோம். பனி உருகிய பிறகு ஒரு நாள் காலையில் நான் முட்டை பொரித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் கேட்டது. "மார்லி, நாம ஒரு கேம்பர் வாங்குவோம்." முட்டை தீய்ந்துபோயிற்று.

நம் பிக்அப் டிரக்கின் பின்பக்கத் தொட்டியில் ஏற்றி உட்கார வைக்கிற சின்னப் பெட்டி வீடு அது. அதிலும் இவருக்குக் கூரை மடங்குகிற வகைதான் வேண்டுமாம். ஓடும்போது கூரை கீழே படுத்திருக்கும், காற்று பிடித்து இழுக்காது. நிறுத்திய இடத்தில் கூரையைத் தூக்கிவிட்டால் இடையில் சுற்றிலும் துணிச் சுவர் எழுந்து நிற்கும். "துணியா? கரடி வந்தா?" என்றேன். "கரடிக்குத் தகரமும் துணிதான் மார்லி" என்றார் உங்கள் தம்பி, ஆறுதல் சொல்கிற குரலில். புதிது வாங்க நமக்கு வசதி இல்லை. ஆகவே பழசு தேடிப் புறப்பட்டோம். முதலில் ப்யூட் ஊரில் ஒன்று. அலமாரிக் கதவைத் திறந்தால் ஒரு எலித் தாய் தன் பிள்ளைகளோடு எங்களை நிமிர்ந்து பார்த்தாள், வாடகை கேட்க வந்தவர்களைப் பார்ப்பது போல. விற்கிறவன் கொஞ்சமும் கூசாமல், "அந்தப் பஞ்செல்லாம் அப்படியே இருக்கட்டுங்க, குளிர் தாங்கும்" என்றான். அடுத்தது பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் கனம். டிரக் கதவின் ஓரத்தில் இந்த வண்டி இவ்வளவுதான் சுமக்கும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. விற்கிறவர்கள் சொல்வது வெறும் பெட்டியின் எடை, அதில் தண்ணீர், கேஸ், பேட்டரி, போர்வை, நாம் எதுவும் சேர்ந்திருக்காது என்று உங்கள் தம்பி எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டு, முன்பின் தெரியாதவர்கள் வீட்டுப் புல்வெளியில், அந்த வீட்டுக்காரரும் அவர் நாயும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, "மார்லி, உன் எடை என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் குனிந்து டிரக்கின் ஸ்பிரிங்கைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது நம்ம கல்யாணத்தப்போ இருந்த எடை. ஸ்பிரிங்கு பொய் தாங்காது" என்றார். வீடு வந்து சேரும்வரை 'ம்' போட்டது நான்.

மூன்றாவதுதான் நேற்று பார்த்தது. ட்வின் பிரிட்ஜஸ் ஊரில், குதிரைகளுக்கு லாடம் அடித்து முதுகு வளைந்துபோன ராய்ஸ் என்கிறவரும் அவர் மனைவி கொரினும் வைத்திருப்பது. நான்கு மூலையிலும் ஜாக் போட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். உங்கள் தம்பி வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை அக்கா, நேராக உள்ளே ஏறி ஒவ்வொரு மூலையிலும் மூக்கை வைத்து மோந்தார். ஈரம் புகுந்திருந்தால் மரம் காட்டிக்கொடுத்துவிடுமாம். பிறகு கட்டை விரலால் சுவர் முழுக்க அமுக்கினார். பிறகு ஏணி போட்டுக் கூரை மேல் ஏறி, ஓரத்தில் பூசியிருக்கிற பசையெல்லாம் வெடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார். ராய்ஸ் கீழே நின்று தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். "என்னங்க, கேம்பர் பாக்க வந்தீங்களா, என்னைப் பரிசோதிக்க வந்தீங்களா?" என்று கேட்டார். உங்கள் தம்பி இறங்கி உள்ளே போய்க் கதவருகே தரை மெத்தென்று இருக்கிறதா என்று குதித்துப் பார்த்தார். "உங்க வீட்டுக்கு நான் வந்தா இப்படித்தான் குதிக்கணுமா?" என்றார் ராய்ஸ். "தாராளமா குதிங்க. எங்க வீட்டுத் தரை கெட்டி" என்றார் இவர்.

அதோடு விட்டாரா? பூட்ஸைக் கழற்றிவிட்டு, டிரக்கின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற படுக்கையில் ஏறி நீட்டிப் படுத்து, "மார்லி, வா, படுத்துப் பாரு, ரெண்டு பேருக்கும் எடம் இருக்கான்னு தெரியணும்" என்று கூப்பிட்டார். பட்டப்பகலில், அந்நியர் முற்றத்தில்! நான் காது கேளாதவள் போல மலையைப் பார்த்தேன். இடம் போதாது என்று சொல்லிவிடுவாரோ என்று ராய்ஸுக்கு ரோஷம் வந்து, அவரே ஏறிப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். இரண்டு கிழவர்களும் மல்லாக்கப் படுத்துக் கூரையை வெறித்தார்கள். "தாராளமா இருக்கு" என்றார் ராய்ஸ். "உங்க முழங்கை இடிக்குது" என்றார் உங்கள் தம்பி.

அடுத்தது மழைப் பரீட்சை. இவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சோடு உட்காருவாராம், நான் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் துணிச் சுவரில் தண்ணீர் அடிக்க வேண்டுமாம். அடித்தேன். அன்று புல்வெளியில் எடை கேட்டதையும் நினைத்துக்கொண்டு அடித்தேன். உள்ளேயிருந்து, "ஒழுகுது! ஒழுகுது! ஆறு மாதிரி வருது!" என்று அலறல். ராய்ஸ் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க அடிக்கிற எடம் ஜன்னல். அது ஜிப் போடாம தெறந்திருக்கு" என்றார். கதவைத் திறந்து உங்கள் தம்பி இறங்கினார் பாருங்கள், மீசையிலிருந்து சொட்டச் சொட்ட. "துணியில ஓட்டை இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கொரின் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். நல்ல மனுஷி. "எதுக்கு விக்கறீங்க?" என்று கேட்டேன். "என் முழங்காலுக்கு அந்தப் படுக்கையில ஏற முடியலைன்னு ஊருக்குச் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். "நெசம் என்னன்னா, சண்டை வந்தா எங்க வீட்டுக்காரர் தலகாணியத் தூக்கிக்கிட்டு அங்க போய்ப் படுத்துக்கறாரு. பாதிச் சண்டையிலயே எந்திரிச்சுப் போயிட்டா நான் மீதிய யார்கிட்ட போடறது? அதான், அது போகட்டும்." ராய்ஸுக்கு விற்க மனசே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

காபியும் சினமன் ரோலும் தட்டில் எடுத்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தால் முற்றத்தில் ஆள் இல்லை. கேம்பரின் கூரை மட்டும் பாதி இறங்கிக் கோணலாக நின்றது. நடந்தது இதுதான். கூரையைத் தாங்க முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று கீல் போட்ட பலகைகள் இருக்கின்றன. அவை நிமிர்ந்தால் கூரை நிற்கும், மடங்கினால் இறங்கும். தூக்குவதற்கு எத்தனை பலம் வேண்டும் என்று பார்க்க இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பலகையை மடக்கியிருக்கிறார்கள். உதவிக்கு இருக்கிற ஸ்பிரிங் கம்பிகளுக்கும் அவர்களைப் போலவே வயதாகிவிட்டது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. ஒருவர் விலகினால் அடுத்தவர் பக்கத்துப் பலகை பிளந்துவிடும். முன்னால் ராய்ஸ், பின்னால் உங்கள் தம்பி, தோளும் உச்சந்தலையும் கூரைக்கு முட்டுக்கொடுத்து நின்றார்கள். கூப்பிட்டால் போதும், நாங்கள் ஓடி வந்திருப்போம். யார் முதலில் கூப்பிடுவது என்பதில்தான் கௌரவம்.

கொரின் என் கையைப் பிடித்து நிறுத்தி உதட்டில் விரல் வைத்தார். துணிச் சுவரல்லவா, எல்லாம் கேட்டது. உங்கள் தம்பி பேசிக்கொண்டிருந்தார், அக்கா! நடுச்சாலையில் நகராமல் நின்ற ஒரு கொம்பு மானுக்காகப் பனி வண்டியை நிறுத்திவிட்டு, அதற்குத் தன் சாண்ட்விச்சில் பாதி கொடுத்த கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கதை தெரியாது. முடித்ததும் ராய்ஸ் கேட்டார்: "அது சரி, உங்களுக்கு எதுக்கு இந்த கேம்பர்? மீன் புடிக்கவா?"

"மீனா? எனக்கு அந்த நாத்தமே ஆகாது. நாப்பது வருஷம் ரோட்டுலயே இருந்தேன் ராய்ஸ். ஒரே ரோடு, போறதும் வர்றதும். புயலடிச்சா நான் திரும்பி வர்ற வரைக்கும் மார்லி சமையக்கட்டு வெளக்க அணைக்க மாட்டா. கவுண்டி வண்டியில வெளியாள ஏத்தக்கூடாது, அதனால ஒரு தடவைகூட அவ என் பக்கத்து சீட்டுல உக்காந்ததில்ல. இப்ப ஏத்தலாம் பாருங்க. கேக்க யாரு இருக்கா?"

பிறகு ராய்ஸ், "உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க, என் மண்டை எறங்குது" என்றார். கொரின் என்னைப் பார்த்தார். நான் காபியில் ஏதோ விழுந்துவிட்டது போலக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொரின் உள்ளே ஏறி ஒவ்வொரு பலகையின் அடியிலும் ஒரு உதை கொடுத்தார். இரண்டும் டக்கென்று நிமிர்ந்தன. இரண்டு ஆண்களும், சும்மா காற்று வாங்க நின்றவர்கள் போல வெளியே இறங்கி வந்து சினமன் ரோல் தின்றார்கள்.

அதற்காக நான் இளகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள் அக்கா. அந்தப் பெட்டியில் கழிப்பறை என்பது உட்காரும் பலகைக்கு அடியில் மூடி போட்ட ஒரு டப்பா. நடக்கிற இடம் ஒரு முழம். வீட்டில் அவர் கராஜில், நான் அடுப்படியில் என்று எல்லை பிரித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம். அந்த ஒரு முழத்தில் எல்லையை எங்கே போடுவது? ஆகவே, இது கண்டதும் அவருக்கு நாலு வார்த்தை கடுமையாக எழுதுங்கள். நான் சொன்னதாக வேண்டாம், உங்களுக்கே தோன்றியதாக இருக்கட்டும்.

உங்கள் இடுப்பு நூறு குளிர்காலம் தாங்கட்டும். மாடிப்படி ஏறாதீர்கள். உங்கள் பூனைக்கு என் அன்பு, அது ஏற்றுக்கொண்டால்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
மார்லிஸ்

பின்குறிப்பு (வியாழக்கிழமை): கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், மடக்கு மேசையில் எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை உங்கள் தம்பி சமையலறை வாசலில் நின்று, "ராய்ஸுக்கு வேணாம்னு சொல்லிட்டேன் மார்லி. உனக்குப் புடிக்கல, எனக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திருகாணிகளை மொத்தமாகத் தகரத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் சாவியை எடுத்துக்கொண்டு டிரக்கில் ட்வின் பிரிட்ஜஸ் போய்விட்டேன். ராய்ஸ் நெளிந்தார், கொரின் அவரைப் பார்த்த ஒரு பார்வையில் பேரம் முடிந்தது. டிரக்கைப் பின்னால் விட்டு, ஜாக்குகளை இறக்கி, நான்கு சங்கிலியையும் முறுக்கிக் கட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்தார் ராய்ஸ், அடிக்கடி மூக்கைச் சிந்திக்கொண்டு. இனி சண்டை வந்தால் எங்கே போய்ப் படுப்பது என்ற கவலை அவருக்கு.

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். உங்கள் தம்பி வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றினார், கட்டை விரலால் ஒரு மூலையை அமுக்கினார், "எடது பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கு" என்றார். பிறகு அங்கேயே திரும்பி நின்றுகொண்டு வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஓட்டறது நீங்க. நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்" என்றேன்.

இப்போது பிஸ்மார்க் வருகிற வழியில், மைல்ஸ் சிட்டியில் நிற்கிறோம். வெளியே நிஜ மழை; ஜன்னலுக்கு ஜிப் போட்டிருக்கிறேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிளம்பியதிலிருந்து அவர் வாயும் மூடவில்லை. இந்த மேசையை மடக்கினால் இன்னொரு படுக்கை ஆகிறது. "அதுல அக்கா படுத்துக்கட்டும், ஒரு சுத்து கூட்டிட்டுப் போவோம்" என்கிறார் உங்கள் தம்பி. முதலில் உங்களிடம் கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டா இடுப்பு வலின்னு சொல்லும். வாசல்ல போய் ஹாரன் அடிச்சா தானா ஏறிக்கும்" என்கிறார். ஆகவே அக்கா, இந்தக் கடிதம் தபாலில் வந்து சேரும்போது நீங்கள் வீட்டில் இருக்கமாட்டீர்கள். திரும்பி வந்ததும் இதைப் பிரிக்காமல் என்னிடமே கொடுத்துவிடுங்கள்.