ஹினோசே நகர நூலகம் மூடியிருந்த மாண்பு

நூலகங்களைத் திறந்துவைத்தவர்களின் பெயர்களைக் கல்வெட்டுகள் தாங்கி நிற்கின்றன. ஒரு நூலகத்தை முறைப்படி, பிசிறின்றி, ஒரு புத்தகத்துக்கும் சிராய்ப்பு நேராமல் மூடிவைத்தவர்களுக்கு எந்த ஊரிலும் கல்வெட்டு இல்லை. நாகரிகத்தின் இந்த நன்றிகெட்டதனத்தை ஓரளவேனும் ஈடுகட்டுவதே இவ்வரலாற்றின் நோக்கம். வாசகர் வந்து சேரும்போதுதான் நூல் நிறைவு பெறுகிறது என்று வாதிடும் திறனாய்வாளர்கள் உண்டு. பெருந்தொற்று ஆண்டின் வசந்தத்தில் அவர்கள் ஹினோசே நகர நூலகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே வாசகர் ஒருவர்கூட இல்லை. நூலகமோ, அதற்கு முன்னும் பின்னும் அத்தனை நிறைவாக இருந்ததில்லை.

அந்த நிறைவின் சிற்பி, நூலகத் தலைவர் இவாசே தோமோஹிரோ. மார்ச் மாதம் வரை அவர் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் இருந்தார். கசிவு கண்ட இடத்தில் வால்வை மூடுவது என்னும் ஒற்றைக் கலையில் ஆயுளைக் கழித்தவர். ஊழியர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாற்காலி மாற்றி உட்காரவைக்கும் நகராட்சி வழக்கப்படி, ஏப்ரலில் அவருக்கு நூலகம் வாய்த்தது. வாய்த்த வாரத்திலேயே அதை மூடுமாறு உத்தரவும் வந்தது. இவாசே மகிழ்ந்தார் என்று சொல்வது அவதூறு. அவர் நிம்மதியடைந்தார். புத்தகங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது; மூடுவது தெரியும். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறும்வரை எவரிடமிருந்தும் ஒரு முறையீடும் வராமல் இருந்தால் போதும் என்பதே அவருடைய வாழ்வின் எஞ்சிய கனவு.

முதல் பணி, வாயில் அறிவிப்பு. 'மூடப்பட்டுள்ளது' என்று எழுதினால் முரட்டுத்தனம் தொனிக்கும் என்பதால், 'தங்களுக்குப் பெரும் இடையூறு விளைவிப்பதற்கு மனமார வருந்துகிறோம்' என்று தொடங்கி, வருத்தத்தை மூன்று பத்திகளுக்கு வளர்த்து, எதற்காக வருந்துகிறோம் என்பதைக் கடைசி வரியில் வைத்தார்கள். ஊழியர் கூட்டம் 'இணைய வழி'யில் நடைபெற்றது. இவாசே தம் அறையிலும் மற்றவர்கள் அடுத்த அறையிலும் அமர்ந்தார்கள். அவர் பேச்சு முதலில் கதவு வழியாகவும், சற்றுப் பிந்திக் கணினி வழியாகவும் கேட்டது. ஒரே கருத்து இருமுறை எட்டுவதால் கூட்டத்தின் பயன் இரட்டிப்பாவதாகக் குறிப்பெழுதப்பட்டது.

வாசகர்கள் திருப்பித் தரும் நூல்கள் வாயிற்சுவரில் உள்ள துளை வழியே உள்ளே விழுந்தன. அவை கூட்ட அறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கிருமி அகலும்பொருட்டு 'ஓய்வில்' வைக்கப்பட்டன. இரு நூல்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. ஒன்றன் முகம் இன்னொன்றைப் பாராதபடி எல்லா அட்டைகளும் ஒரே திசையில். அறைக்குள் போகும்போது இவாசே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

எல்லாம் சீராகச் சென்றுகொண்டிருந்த ஒரு காலையில், துளை பேசியது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"ஒகிதா," என்றார் இவாசே, "துளை பேசுது."

ஒகிதா ஓராண்டு ஒப்பந்தத்தில் பணிபுரியும் இளம் நூலகர். நூலகவியல் படித்தவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். ஆதலால் நிரந்தரமற்றவரும் அவர் ஒருவர்தான். "ஷிபாயாமா சான், ஐயா. ஸ்டேஷன் பக்கத்துல பொதுக் குளியல்கூடம் வச்சிருந்தாங்களே, அவங்க."

இவாசே முழங்காலை மடக்கித் துளைக்கு எதிரே குனிந்தார். "நூலகம் மூடியிருக்குதுங்க."

"அதான் துளையில பேசறேன். யாரு, தோமோஹிரோவா? நம்ம தோமோவா? குரல் ஏன் அடைச்ச மாதிரி இருக்கு?"

"முகக்கவசம்ங்க."

"நல்லா போட்டுக்கோ. உன்னை இடுப்புல துண்டு இல்லாமயே பாத்து வளத்தவ நான். எங்க தொட்டியில உங்கப்பா உன்னை முக்கி எடுக்கறப்ப ஊரே கூடுற மாதிரி கத்துவே. சரி, எடுத்துட்டுப் போன நாலு பாகத்தையும் உள்ள போட்டுட்டேன். அஞ்சாம் பாகத்தை இதே வழியா வெளிய தள்ளு."

"இது உள்ள வாங்குற துளைங்க. வெளிய குடுக்குற துளை இல்ல."

"அது துளைக்குத் தெரியுமா?"

வழிகாட்டு நெறிகளில் இக்கேள்விக்கு விடையில்லை. ஒகிதா 'சான்' என்று மரியாதை சேர்த்துச் சொன்ன அந்த மூதாட்டி, ஷிபாயாமா தோமி, நிலைமையை விளக்கினார். அது உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிச் சொந்தமாக அச்சிட்ட ஐந்து பாக நாவல். இந்த நூலகத்தைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், ஒஷினோ என்பவளின் கணவன் புயல் எச்சரிக்கையையும் மீறிக் கப்பலேறுகிறான்.

"அவன் பொழச்சானா செத்தானான்னு எனக்குத் தெரியணும், தோமோ. மே மாசக் கடைசியில மகன் என்னை நகோயாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். வீட்டை வித்தாச்சு. அப்புறம் இந்த ஊருக்கு நான் எதுக்கு வரப்போறேன்?"

"மனமார வருந்துறோம்," என்றார் இவாசே. பிறகு துளையைக் கிருமிநாசினி கொண்டு துடைத்தார்.

மறுநாளும் துளை பேசியது. அதற்கு மறுநாளும். "புத்தகத்தைக் குடுக்க முடியலன்னா போகட்டும். முடிவை மட்டும் வாயால சொல்லுங்க. கப்பல் கவுந்துச்சா, இல்லையா?"

இது ஆழமான கோட்பாட்டுச் சிக்கலை எழுப்பியது. நூலை வழங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. நூலின் முடிவை வழங்குவது? சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டது. கதையின் முடிவைச் சொல்வது சேவையாகுமா என்று நெடுநேரம் ஆராய்ந்தபின், இவாசே தம் குடிநீர்ப் பிரிவு அனுபவத்தைத் துணைகொண்டு தெளிவு வழங்கினார்: மூடிய அமைப்பிலிருந்து எது வெளியேறினாலும் அது கசிவு. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதன் பின்னரே, அந்நூலை அங்கிருந்த எவரும் படித்ததில்லை என்பது தெரியவந்தது. ஆகவே தீர்மானத்தைக் கடைப்பிடிப்பதில் எவ்வித இடர்ப்பாடும் எழவில்லை.

இடர்ப்பாடு ஒகிதா வடிவில் வந்தது. அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்த அவரை இவாசே கையும் களவுமாகப் பிடித்தார்.

"என்ன பண்றே?"

"படிக்கறேன், ஐயா."

"வேலை நேரத்துலயா?"

"அஞ்சாம் பாகம். ஷிபாயாமா சானுக்கு முடிவை மட்டும்…"

"ஒகிதா. கண்ணாடி வழியா யாராவது பாத்தா? நூலகத்துல உக்காந்து ஒருத்தர் புத்தகம் படிச்சிட்டு இருந்தா வெளியில என்ன நினைப்பாங்க?"

"நூலகம்னு நினைப்பாங்க, ஐயா."

இவாசே இதை மன்னித்தார். இளமைதானே. ஆனால் நூல் அலமாரிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதில் தளரவில்லை. திரும்பி நடந்தவர், அலமாரி ஓரத்தில் ஒரு கணம் நின்றார்.

"புயல் வந்துடுச்சா?"

"இல்ல, ஐயா. இன்னும் அரிசி மூட்டையே ஏத்திட்டு இருக்காங்க."

பெருந்தொற்றை வீணாக்கலாகாது என்பதில் இவாசே உறுதியாக இருந்தார். நெடுநாள் தள்ளிப்போடப்பட்ட 'இருப்புச் சீரமைப்பு' கையிலெடுக்கப்பட்டது. வேண்டப்படாத நூல்களைக் களைவதே அதன் சாரம். புதிய நிதியாண்டு தொடங்கிய ஏப்ரல் முதல் எந்தெந்த நூலை எவரும் எடுக்கவில்லை என்று கணினியிடம் கேட்டார்கள். கணினி, எந்த நூலையும் எவரும் எடுக்கவில்லை என்றது. நூலகம் மூடியிருந்ததால் அப்படி என்று ஒருவர் முணுமுணுத்தார். காரணங்களை ஆராய்வது புள்ளிவிவரத்தின் பணியன்று என்று இவாசே நினைவூட்டினார். ஆயினும் நூலகம் முழுவதையும் களைவதற்கு அட்டைப்பெட்டிகள் போதாமையால், 'முழுமையற்ற தொகுதி'களை மட்டும் முதலில் நீக்குவது என்று பெருந்தன்மையுடன் முடிவாயிற்று. உடன்பிறந்த பாகங்கள் இல்லாமல் அலமாரியில் தனித்து நிற்கும் நூல் முழுமையற்றது. அதன் முதற்பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று செம்முத்திரை இடப்பட்டது. அன்று ஒகிதாவுக்கு 'வீட்டிலிருந்து பணி'. வீட்டில் செய்யத்தக்க நூலகப் பணி ஏதும் இல்லாததால், அவர் நாள் முழுவதும் ஆயத்த நிலையில் இருக்குமாறு பணிக்கப்பட்டிருந்தார்.

மே இறுதியில் மாகாண அரசிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. இவாசே அதை இருமுறை வாசித்தார். நூலகங்களை 'அந்தந்த நகரம் தானே தீர்மானித்து'த் திறக்கலாம் என்றது அது. தொற்று அச்சுறுத்தியபோதுகூட அவர் இவ்வளவு வியர்த்ததில்லை. தானே தீர்மானிப்பதா? தானே தீர்மானித்தபின் யாராவது தும்மினால்?

முறைப்படி அவர் பக்கத்து ஊரான உவாதாவின் நூலகத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"திறக்குறதைப் பத்தி உங்க பக்கம் எப்படிங்க?"

"நாங்க எங்களுக்கு அடுத்த ஊரு குருமியைப் பாத்துட்டு இருக்கோம்ங்க. அவங்க திறந்தா நாங்களும் யோசிக்கலாம்னு."

"குருமி என்ன சொல்றாங்க?"

"அவங்க உங்களைப் பாத்துட்டு இருக்குறதா சொன்னாங்க."

இவாசே வெற்றுச் சுவரை நோக்கி ஆழ்ந்து வணங்கிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். மூன்று ஊர்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஆபத்தில்லை. பொறுப்பு என்பது வட்டமாகச் சுற்றும்போதுதான் அமைதியாக இருக்கிறது.

அன்று மாலை, துளைக்கு அருகே புத்தகங்களை அள்ளிக்கொண்டிருந்த ஒகிதாவிடம் கேள்வி வந்தது.

"ஏம்மா, டீவியில திறக்கலாம்னு சொல்லிட்டானே. இங்க என்னைக்கு?"

"உவாதா திறந்தா நாங்க திறப்போம், ஷிபாயாமா சான். குருமி திறந்தா உவாதா திறக்கும். நாங்க திறந்தா குருமி திறக்கும்."

துளையில் சிரிப்புக் கேட்டது.

"இது எங்க தொட்டிக் கதைதான். தண்ணி நல்லா கொதிக்கிற நாள்ல ஆம்பளைங்க பதினஞ்சு பேரும் துண்டைத் தலையில போட்டுட்டு ஓரத்துல நிப்பானுங்க. ஒருத்தனும் முதல்ல கால் வைக்க மாட்டான். நான் காசு வாங்குற மேடையில இருந்தே 'அட, உவாதாக்காரர் ஒருத்தர் கழுத்து வரைக்கும் இறங்கிட்டாரே!'ன்னு ஒரு குரல் குடுப்பேன். ஆவியில ஒண்ணும் தெரியாது. அத்தனை பேரும் தொபுக்குன்னு இறங்கிடுவானுங்க."

"அவங்களுக்குத் தெரிஞ்சா கோவிக்க மாட்டாங்களா?"

"தெரிஞ்சாத்தானே. வெளிய வந்ததும் ஒவ்வொருத்தனும் 'தண்ணி ஒண்ணும் அவ்வளவு சூடு இல்ல'ம்பான். அந்த மூணு ஊர் நூலகத்து போன் நம்பரையும் சொல்லு."

அடுத்த நாள் ஹினோசே நூலகத்தில் தொலைபேசி ஒலித்தது. வயதான பெண்மணி ஒருவர், உவாதா நூலகம் திங்கட்கிழமை திறக்கிறதாமே, அங்கு போக எந்தப் பேருந்து என்று கேட்டார். குரலைக் கைக்குட்டையால் மூடிப் பேசியதுபோல் இருந்தது. அக்காலத்தில் எல்லாக் குரல்களும் அப்படித்தான் இருந்தன. இவாசே உடனே உவாதாவை அழைத்தார்.

"திங்கட்கிழமைன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க. குருமி திங்கட்கிழமைன்னாங்க. அதனால நாங்களும்."

"குருமி ஏன் திங்கட்கிழமை?"

"நீங்க திங்கட்கிழமைன்னு…"

இவாசேக்கு ஒரு கணம் எங்கோ ஒரு குழாய் கசிவதாகப் பட்டது. ஆனால் எல்லோரும் திறக்கும்போது தாம் மட்டும் மூடியிருப்பது, எல்லோரும் மூடியிருக்கும்போது தாம் மட்டும் திறப்பதைப் போலவே தனித்துத் தெரியும் செயல். 'சுற்றியுள்ள நகரங்களின் நிலைப்பாட்டுக்கு இசைய' என்று அவர் எழுதத் தொடங்கினார். மூன்று ஊர்களும் அதே வாசகத்தை எழுதின. அம்மாவட்டத்தின் நூலகங்கள் திறந்தது யாருடைய முடிவு என்பதை எந்த ஆய்வாளராலும் இனிக் கண்டறிய இயலாது.

திங்கட்கிழமை கதவு திறந்தபோது முதலில் நின்றவர் ஷிபாயாமா தோமி. தலைக்குத் தொப்பி, முகத்துக்குக் கவசம், கையில் பயணப் பை. மறுநாள் காலை நகோயா ரயில். இவாசே ஊழியர்களை வரிசையாக நிறுத்தி வணங்கினார்.

"வணக்கமெல்லாம் இருக்கட்டும். அஞ்சாம் பாகம்."

ஒகிதா அலமாரிக்கு ஓடினார். அங்கே நூலின் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. கணினியைப் பார்த்தார். பிறகு இவாசேயைப் பார்த்தார்.

"நீக்கியிருக்கு, ஐயா."

இவாசே விளக்கமளித்தார். முதல் நான்கு பாகங்கள் கூட்ட அறையில் ஓய்விலிருந்தன. எனவே ஐந்தாம் பாகம் அலமாரியில் தனித்து நின்றது. தனித்து நின்றதால் முழுமையற்றது. தவிரவும் அதைக் கேட்டு ஒரு வேண்டுகோளும் பதிவாகவில்லை.

"தினம் வந்து துளையில கத்தினேனே, தோமோ! அது என்ன, பாட்டா?"

"மூடியிருக்கும்போது வேண்டுகோள் பெறப்படுறதில்லைங்க."

தோமி வந்த வழியே திரும்பி, பையைத் தரையில் வைத்துவிட்டு வாயிலோரம் நின்றார். தோள் தாழ்ந்துவிட்டிருந்தது. எதிர்த்துப் பேசும் தோமியைத்தான் இவாசேக்குத் தெரியும். பேசாத தோமியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வருந்துவதற்கு வாய் திறந்தார். அதற்குள் ஒகிதா அவரைத் தாண்டிக்கொண்டு ஓடி, கதவருகே இருந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டார். 'வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்' என்று எழுதிய பெட்டிகள். சமையல் குறிப்புகள், பழைய சாலை வரைபடங்கள், கணினிப் பாடநூல்கள் எல்லாம் பறந்தன.

"இருக்கு! ஷிபாயாமா சான், இருக்கு!"

தோமி அதை வாங்கி, செம்முத்திரையைத் தடவிப் பார்த்தார். "இதை என்னைக்குத் திருப்பிக் குடுக்கணும்?"

"குடுக்க வேணாம். உங்களுக்கேதான்." ஒகிதா மூச்சு வாங்கினார். "படிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க. நான் இன்னும் அரிசி மூட்டையிலயே நிக்கறேன்."

தோமி நூலைப் பைக்குள் அடியில் பத்திரமாக வைத்தார். பிறகு இவாசேயிடம் வந்து, அவர் வணங்கியதைவிட ஆழமாக வணங்கினார்.

"ரொம்ப நன்றி, தோமோ. திறந்திருந்த காலம் பூரா ரெண்டு வாரக் கடன்தான் குடுத்தீங்க. மூடின பிறகுதான் சொந்தமாவே குடுக்க மனசு வந்துருக்கு."

"தங்களுக்குப் பெரும் இடையூறு…"

"இரு. ஒரு சந்தேகம். அஞ்சாவது போயிட்டா, உள்ள இருக்குற நாலும் முழுமையில்லாதது ஆயிடுச்சே?"

இவாசே நேர்மையானவர். யோசித்தார். "விதிப்படி பாத்தா… ஆமாங்க."

"அப்ப நீ அடுத்து மூடுறப்ப நகோயாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வந்து அதையும் தூக்கிட்டுப் போறேன். உன்கிட்ட இருக்குறதைவிட என்கிட்ட இருந்தா யாராவது படிப்பாங்க."

அவர் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அவர் உருவம் மறையும்வரை இவாசே குனிந்தே நின்றார். பிறகு உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்து, மறுபடி எப்போது மூடுவதாக இருக்கிறார்கள் என்று உவாதாவிடம் விசாரித்தார்.