எட்டுக் குரங்குகளை நிறுத்திவைத்த சபேசன் சார்

இரண்டு வருடம் மழை ஏமாற்றிவிட்ட ஒரு காட்டில், எட்டுக் கருமுகக் குரங்குகள் ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தன. மேட்டில் இருந்த குட்டைகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. மிச்சமிருந்த ஒரே தண்ணீர், செங்குத்தான பாறைக்குக் கீழே ஒரு மடுவில் இருந்தது. யானைக்கும் மானுக்கும் அங்கே இறங்க வழியில்லை. குரங்குகள் இறங்கின. சுரைக்குடுக்கையில் மொண்டு, பாறையில் ஏறி, உச்சியில் இருந்த கல்தொட்டியில் ஊற்றிவிட்டு, காலிக் குடுக்கையோடு இறங்கி, மறுபடி மொண்டு ஏறின. தொட்டி நிறைந்தால் காட்டுக்கு அன்றைய பொழுது ஓடிவிடும்.

தொட்டி நிறையவில்லை என்பதுதான் சங்கடம். காலையில் ஒழுங்காக ஓடும் வேலை, வெயில் உச்சிக்கு வருவதற்குள் நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் பாறையின் நடுவில் நான்கு குரங்கு மேலேயும் நான்கு குரங்கு கீழேயுமாகக் குந்திக்கொண்டிருக்கும்.

"என்னப்பா ஆச்சு?" என்று கேட்டால் எட்டும் எட்டுத் திசையில் பார்க்கும்.

காட்டுக்குத் தலைவி பேச்சியம்மா என்ற யானை. அவளுடைய பேரன் காலித் தொட்டிக்குள் தும்பிக்கையை விட்டு, கல்லில் ஒட்டியிருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தாள். அன்றே கூட்டம் போட்டாள்.

"ஏழு மலை தாண்டி சபேசன்னு ஒரு மரநாய் இருக்காராம்" என்றது முள்ளம்பன்றி. "எந்தக் காட்டுல எந்த வேலை நின்னாலும், உட்கார்ந்த இடத்துல இருந்தே பழுது பார்ப்பாராம்."

"நேர்ல வரமாட்டாரா?"

"வந்தா அவர் எப்படி நிபுணர்?"

கூட்டம் அதை ஒத்துக்கொண்டது.

மரம் எண்ண வந்த மனிதர்கள் தவறவிட்டுப் போன ஒரு கைபேசி காட்டில் இருந்தது. வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறுகிற வகை. அதற்கு சிக்னல் கிடைத்த ஒரே இடம், பாறையின் நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஓர் இலுப்பைக் கிளை. அங்கே உட்கார்ந்து நிபுணர் சொல்வதைக் குரங்குகளிடம் சொல்லவும், குரங்குகள் சொல்வதை நிபுணரிடம் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். கோமளம் என்ற மைனாவை உட்காரவைத்தார்கள். ஒரு குரலை ஒருமுறை கேட்டால் அதன் இருமல், செருமல், மூக்கடைப்பு உட்பட அப்படியே திருப்பிச் சொல்லக்கூடியவள்.

முதல் நாள் சபேசன் சார் நிபந்தனைகளைச் சொன்னார். கைபேசியில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனமாக, சுற்றிலும் ஓர் இரைச்சலோடு வந்தது. பாறையில் இருந்த குரங்குகளுக்கும் அது மங்கலாகக் கேட்டது.

"மேடம், மொத்தம் நாலே வார்த்தை. நில். ஓரடி. ஓடு. நிலை. பேர் சொல்லிச் சொன்னா அந்த ஒரு ஆளுக்கு மட்டும். பேர் இல்லாமச் சொன்னா மொத்த வரிசைக்கும். புரியுதா?"

"புரியுது சார். 'நிலை'ன்னா?"

"எங்க நிக்கிறான், கையில என்ன இருக்கு, எந்தக் கால் மேல இருக்கு. அவ்வளவுதான். நான் நிறுத்தின ஆளை நான்தான் விடணும். வேற யார் சொன்னாலும் நகரக் கூடாது."

இதற்கு ஒரு படிவம் இருந்தது. எட்டுக் குரங்குகளும் வாலை நாவற்பழச் சாற்றில் தோய்த்து, சம்மதம் என்று ஒற்றின.

"சார், ஒரு விஷயம்" என்றாள் கோமளம். "இங்க வேலை ஏன் நிக்குதுன்னா..."

"மேடம், மேடம். குடுத்த நாலு வார்த்தையில 'ஏன்' இருக்கா?"

"இல்ல சார்."

"அதைக் கண்டுபிடிக்கிறது என் வேலை. லைன்ல இருங்க."

கோமளத்துக்குக் காரணம் தெரியும். இலுப்பைக் கிளைக்கு நேர் கீழே பாறையில் ஓர் இடுக்கு இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் நுழையலாம். எட்டுக் குரங்குகளில் அய்யாக்கண்ணு, நல்லமுத்து என்று இரண்டு பேர் இருந்தார்கள். அய்யாக்கண்ணுவின் மகளை நல்லமுத்துவின் மகனுக்கு நிச்சயம் செய்து இருபது நாள் ஆகியிருந்தது. அய்யாக்கண்ணு நிறைகுடுக்கையோடு ஏறுவார். நல்லமுத்து காலிக் குடுக்கையோடு இறங்குவார். இடுக்கின் இரண்டு வாயிலும் இருவரும் எதிர்ப்படுவார்கள்.

"சம்பந்தி, நீங்க வாங்க முதல்ல" என்பார் அய்யாக்கண்ணு.

"சேச்சே. நீங்க சுமையோட இருக்கீங்க. நீங்க வாங்க."

"பொண்ணு வீட்டுக்காரன் நான் முந்துறதா? ஊர் என்ன சொல்லும்?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரன்னு எனக்குத் தலைக்கனம்னு சொல்லட்டும்னு பார்க்குறீங்களா?"

பிறகு இருவரும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் வருகிறவர்கள் பெரியவர்களை எப்படித் தாண்டுவது என்று அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.

சபேசன் சார் வேலையைத் தொடங்கினார். "நில்."

கோமளம் சொன்னாள். எட்டும் நின்றன. அய்யாக்கண்ணுவுக்கு இடது கால் அந்தரத்தில் இருந்தது. மூக்கின்மேல் ஓர் ஈ. நல்லமுத்து கொட்டாவி விடத் தொடங்கியிருந்தார், வாய் திறந்தபடியே நின்றார்.

"நிலை."

எட்டுப் பேருடைய காலையும் கையையும் கோமளம் விவரித்தாள். ஈயைப் பற்றியும் சொன்னாள். ஈ தேவையில்லை என்றார் நிபுணர்.

"அய்யாக்கண்ணு, ஓரடி." அவர் ஓரடி வைத்தார். மற்ற ஏழு பேரும் சிலையாக நின்றார்கள். "அய்யாக்கண்ணு, ஓரடி." இன்னோர் அடி. இப்படியே அடியடியாக இடுக்கைத் தாண்டி உச்சிக்குப் போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டார். அடுத்து நல்லமுத்துவை நடத்தினார். அவரும் தடங்கலில்லாமல் மடுவரைக்கும் இறங்கினார். ஒருவர் நகரும்போது மற்றவர் நின்றால் யார் யாருக்கு வழி விடுவது?

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு? எனக்கு ஒரு குறையும் தெரியலையே" என்றார் சபேசன் சார். "ஓடு!"

கோமளம் சொன்னாள். எட்டும் ஓடின. கால் மணியில் இடுக்கின் இரண்டு பக்கமும் சம்பந்திகள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"சார், நின்னுடுச்சு."

"நான் பார்க்கும்போது நிக்கலையே மேடம்?"

சார் யோசித்தார். மறுநாள் புதிய ஏற்பாடு சொன்னார். இடுக்கில் யார் கால் வைத்தாலும் உடனே 'நில்' சொல்ல வேண்டும்; நிலையைக் கேட்டுச் சொல்ல வேண்டும்; அவர் 'ஓடு' என்றதும் விட வேண்டும்.

அய்யாக்கண்ணு இடுக்கில் கால் வைத்தார். "அய்யாக்கண்ணு, நில்" என்றாள் கோமளம். எதிரில் வந்த நல்லமுத்துவும் மரியாதையாக நின்றார். நிலை போனது. ஆணை வந்தது. "அய்யாக்கண்ணு, ஓடு."

அய்யாக்கண்ணு கூசிப்போய் எதிரில் பார்த்தார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நானா முந்தலை. ஆர்டர்."

"அட, ஆர்டர்னா போய்த்தானே ஆகணும்! போங்க போங்க."

அன்று தொட்டி பாதிக்குமேல் நிறைந்தது. மான்குட்டிகள் வரிசையில் நின்று குடித்தன. பேச்சியம்மாவின் பேரன் முதுகில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டதற்காகத் திட்டு வாங்கினான்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சபேசன் சாருக்குக் காரணம் தெரியாமல் தூக்கம் வராது. மூன்றாம் நாள் காலையில், வேலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, "நில்" என்றார். எட்டும் நின்றன. இந்த முறையும் அய்யாக்கண்ணுவின் கால் அந்தரத்தில், நல்லமுத்துவின் வாய் கொட்டாவியில். "லைன்ல இருங்க மேடம், ஒரு நிமிஷம்" என்றார் சார். அப்புறம் கைபேசியில் இரைச்சல்கூட இல்லை.

கோமளம் காத்திருந்தாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை.

குரங்குகள் நின்றன. மதியம் பாறை சுட்டது; நின்றன. மறுநாள் பொழுது விடிந்தும் நின்றன. வால் ஒற்றிக் கொடுத்துவிட்டோமே என்ற பயம். நிறைகுடுக்கையைத் தூக்கிப் பிடித்திருந்த ஒரு குரங்கின் கை சோர்ந்து சாய, தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பாறையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே காய்ந்தது.

பேச்சியம்மா பாறை உச்சிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "டேய், ஓடுங்கடா! எல்லாரும் ஓடுங்கடா!" என்று பிளிறினாள். ஒருவரும் அசையவில்லை.

"தலைவியம்மா, நீங்க நம்ம காட்டு ஆளு" என்றார் நல்லமுத்து, திறந்த வாயை மூடாமலே. "உங்களுக்கு இந்த டெக்னிக் எல்லாம் என்ன தெரியும்? சார் சொல்லட்டும்."

கோமளம் பறந்து மேலே போனாள்.

"என் பேரன் படுத்துட்டான், கோமளம்" என்றாள் பேச்சியம்மா. "கண்ணைத் திறக்க மாட்டேங்குறான்."

"தலைவியம்மா, காரணம் எனக்குத் தெரியும். சம்பந்திங்க ரெண்டு பேரும்..."

"எனக்கும் தெரியும்டி. முள்ளம்பன்றிக்குத் தெரியும். இந்தக் காட்டுல பேனுக்குக்கூடத் தெரியும். யார் போய்ச் சொல்றது? 'எங்க மரியாதையாலதான் ஊர் சாகுதா'ன்னு ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டா கல்யாணம் நின்னுபோகும். அப்புறம் நாலு குரங்கு அந்தப் பக்கம், நாலு இந்தப் பக்கம். ஒரு குடுக்கை தண்ணிகூட வராது."

கோமளம் கிளைக்குத் திரும்பினாள். முதலில் தன் குரலிலேயே முயன்றாள். "அய்யாக்கண்ணு அண்ணே, ஓடுங்கண்ணே."

"நீ சொன்னா எப்படிம்மா?" என்றார் அய்யாக்கண்ணு. அவர் கால் இன்னமும் அந்தரத்தில் இருந்தது. கண் கலங்கியிருந்தது. "சார் சொல்லணும்ல?"

கோமளம் இலைக்கொத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். தாகத்தில் தொண்டை காய்ந்திருந்தது, அது ஒருவிதத்தில் வசதியாகப் போயிற்று. ஓர் இரைச்சல், ஒரு செருமல், பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அய்யாக்கண்ணு. ஓரடி."

கால் கீழே இறங்கியது. எட்டுக் குரங்குகளும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டன.

"அய்யாக்கண்ணு, ஓடு. நல்லமுத்து, நில்." அய்யாக்கண்ணு இடுக்கைத் தாண்டி ஓடினார். "நல்லமுத்து, ஓடு." அவர் கொட்டாவியை முடித்துவிட்டு ஓடினார். முதல் குடுக்கை நேராகக் பேச்சியம்மாவின் பேரன் கன்றின் வாய்க்குப் போனது. நான்காவது குடுக்கையில் கன்று எழுந்து உட்கார்ந்து, இன்னும் வேண்டும் என்று அடம் பிடித்தது. பேச்சியம்மா அழுததை அன்றுதான் காடு முதல்முறை பார்த்தது.

அதன்பிறகு கோமளம் நிறுத்தவில்லை. யார் நிற்க வேண்டும், யார் போக வேண்டும் என்று நாள் முழுக்கச் சாரின் குரலில் சொன்னாள். ஒருமுறை பாசி படிந்த இடத்தில் ஒரு குரங்கு தடுமாற, அதே குரலில் "பார்த்து, வழுக்கும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பயந்தே போனாள். குரங்குகளோ உருகிவிட்டன.

"ஏழு மலைக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு இங்க வழுக்கும்னு தெரிஞ்சிருக்கு பாருங்க, சம்பந்தி!"

"படிப்புன்னா அதான். நாமளும் இருக்கோமே."

ஆறாம் நாள் கைபேசி அடித்தது.

"சாரி மேடம். இன்னொரு காட்டுல அவசரம், அங்க போயிட்டேன். ஆமா, நம்ம ஆளுங்களை நிறுத்தினேனே, அப்படியே நிக்கிறாங்களா?"

உண்மையைச் சொன்னால் வால் ஒற்றிய எட்டுப் பேரும் மாட்டிக்கொள்வார்கள். "தொட்டி நிறைஞ்சிருக்கு சார்" என்று மட்டும் சொன்னாள் கோமளம்.

"நிறுத்தி வெச்சிருக்கும்போதா?"

"நீங்க அப்புறம் ஒண்ணும் சொல்லலையே சார்."

பேனா கீறுகிற சத்தம் கேட்டது. சபேசன் சார் எழுதிய அறிக்கை பிறகு பல காடுகளுக்கும் போனது: வரிசை முழுவதையும் நிறுத்திவைத்தால் தண்ணீர் வரத்து இருமடங்காகிறது. அதைப் படித்துவிட்டு மூன்று காடுகளில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அங்கே என்ன ஆயிற்று என்று சொல்ல யாரும் வரவில்லை.

இந்தக் காட்டில் கல்யாணம் நல்லபடி நடந்தது. அதற்கு அடுத்த வாரம் சபேசன் சாருக்குப் பாராட்டு விழா. முதல்முறையாக நேரில் வந்தார். மெலிந்த உடம்பு, கழுத்தைவிட மாலை பெரிதாக இருந்தது. எல்லோரும் இடுக்குப் பாறைக்கு அழைத்துப் போனார்கள். "சார் உங்க வாயால ஒரு ஆணை கொடுங்க, எங்க காது குளிரட்டும்" என்றார் அய்யாக்கண்ணு.

சபேசன் சார் பாறையில் ஏறி நின்றார். நேரில் அவருக்குக் கீச்சுக் குரல்.

"ஓடு."

ஒரு குரங்கும் நகரவில்லை.

"யாருங்க இது?" என்றார் நல்லமுத்து தலைவியிடம் மெதுவாக. "சாரோட ஆளா? சார் எப்ப வருவார்?"

"நான்தான்யா சார்!"

"தம்பி, நாங்க தினமும் கேட்ட குரல்" என்றார் அய்யாக்கண்ணு வருத்தத்தோடு. "எங்களை ஏமாத்த முடியாது."

சபேசன் சார் மாலையைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். மேலே இலைக்கொத்துக்குள்ளிருந்து ஓர் இரைச்சலும் ஒரு செருமலும் வந்தன. "ஓடு" என்றது கனத்த குரல். எட்டும் பாய்ந்து ஓடின.

அவர் அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இலுப்பை மரத்தில் ஏறினார். பத்து நாள் அந்தக் காட்டிலேயே தங்கினார். தினமும் காலையில் கோமளத்துக்கு எதிரில் பணிவாக உட்கார்ந்து, தன் குரலில் பேசக் கற்றுக்கொண்டார்.

நீதி: ஒரு வேலை ஏன் நிற்கிறது என்று உனக்குத் தெரிந்தால் வாயைத் திறக்காதே; தெரியாத ஒருவருடைய குரலைப் பழகிக்கொண்டு அப்புறம் திற.