இரங்கல் கூட்டத்தில் எதிரொலி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் சொல்ல, எதிர்வீட்டுத் தையல்காரர் தைப்பதை நிறுத்திவிட்டு எழுதுவது. எனக்கு எழுத்து வராது, ஞாபகம் வரும். இங்கு எல்லோரும் சுகம், என்னைத் தவிர. போனில் பேசலாம் என்றால் "மாமா, ஷோல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள்.

பெரிய பாலம் இடிந்து, தபால்காரர் இரண்டாம் கல்யாணம் செய்து, அதே மாதம் முதல் தாரத்திடமே திரும்பி வந்த வருஷம்தான் நானும் அக்கா வீட்டுக்காரரான அத்தானும் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பழைய மிக்சரை வாங்கி சவுண்ட் சர்வீஸ் தொடங்கினோம். அதில் ஒரு வேலைக்கு ஒரு குமிழ். ஐந்தாவது லைன் செத்தால் ஆறாவதில் செருகுவோம், மற்றதெல்லாம் அதுபாட்டுக்கு ஓடும். கரகரத்தால் தலையில் ஒரு தட்டு. அதை ஓரங்கட்டிவிட்டு டிஜிட்டல் என்று ஒன்றைக் கொண்டுவந்தீர்களே, அதில் ஒரே குமிழ் பத்து வேலை பார்க்கிறது, இப்போது எந்த வேலை என்றால் திரையைப் பார் என்கிறது, திரையைப் பார்க்க என் கண்ணாடியைத் தேடவேண்டியிருக்கிறது. "எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும் மாமா" என்றீர்கள். நல்லா வச்சுக்கிச்சு!

அத்தானின் இரங்கல் கூட்டத்தில் நீங்கள் போன் பேச வெளியே போன சமயம் கரண்ட் ஒரு கண் சிமிட்டியது. பழையது என்றால் 'டப்' என்று ஒரு தும்மல், அவ்வளவுதான். இது படுத்தேவிட்டது. பிறகு கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து எழுந்தபோது, முந்தின நாள் பாட்டுப் போட்டிக்கு வைத்த எக்கோவோடு எழுந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரைப் போல நல்லவர் இல்லை" என்றார். மிக்சர் விடுமா? "நல்லவர் இல்லை... நல்லவர் இல்லை... இல்லை..." என்று கூடம் முழுக்கச் சாட்சி சொன்னது. அவர் பதறி "நிறுத்துங்க" என்றார். "நிறுத்துங்க... நிறுத்துங்க..." என்று அதுவும் கெஞ்சியது. எக்கோ என்று நினைத்து நான் திருகிய குமிழ் அந்த நேரம் சத்தத்துக்கு வேலை பார்த்ததாம். தெருமுனை வரைக்கும் கேட்டது.

அக்கா எழுந்தாள். "டேய், தொழில்ல உங்க அத்தானோட இருந்த பகையைத் தீர்க்க இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு என் முகத்தில் விழிக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் நான் போய் "மிஷின்தான் சொல்லுச்சு" என்றால் நம்புவாளா? அது செய்த பாவத்துக்கு நான் கூடப்பிறந்தவளை இழந்து நிற்கிறேன். உடனே வந்து அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அந்தச் சனியனை வாங்கின கடையிலேயே தள்ளிவிடுங்கள். முடியாதென்றால், மாமனார் என்று ஒருத்தர் இருந்தார் என்பதையும் அதன் ஞாபகத்தில் ஏற்றிவிடுங்கள்.

மகளுக்கும் பேரனுக்கும் முழு ஆசி. உங்களுக்குப் பாதி.

இப்படிக்கு,
மாமனார் (கைநாட்டு)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க அக்கா வந்துவிட்டாள். தையல்காரர் அவளுக்கு இதைப் படித்துக் காட்டினார். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "அந்த மிஷினா சொல்லுச்சு? அவர் நல்லவர் இல்லைன்னு நான் காலம் பூரா சொன்னேன், ஒருத்தரும் காதுல வாங்கல. அது ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருச்சே! டேய், அதைத் திருப்பிக் கொடுத்தே, அப்புறம் இருக்கு உனக்கு" என்கிறாள். ஆகையால் மிக்சர் இருக்கட்டும், நீங்கள் வரவேண்டாம். என்னால் மறுத்துப் பேச முடியாது மாப்பிள்ளை. என்னை 'டேய்' என்று கூப்பிட இன்னும் உயிரோடு இருப்பது அக்கா ஒருத்திதான்.