எட்டு மணி நேரம் பேசும் என்றீரே, மாப்பிள்ளை!

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை கிளாட்வினுக்கு, ராஜபாளையத்திலிருந்து உம் அக்கா வீட்டுக்காரன் வேதசிரோமணி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் இன்னும் வேலையில் இருக்கிறேன். சாயங்காலம் வரைக்குமாவது இருப்பேன் என்று நம்புகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீரும் உம் பேட்டரிக் கடையும் சுகந்தானே? போனிலேயே கேட்டிருப்பேன். போன் செத்துக் கிடப்பதால்தான் கம்பெனி வேன்காரரிடம் இந்தக் கடிதம்.

இன்றைக்கு இங்கே பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. இப்படிப்பட்ட நாளுக்காகத்தானே எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீஸ் போன்களுக்கு உம்மிடம் பேட்டரி வாங்கினோம்? "பன்னெண்டு வோல்ட்டு, நூறு ஆம்பியர்-மணி. பெருக்குனா ஆயிரத்து எரநூறு. ஒங்க போன் போர்டும் அம்புட்டுப் போனும் சேந்து இழுக்கிறது நூத்தம்பது வாட்டு. வகுத்துப் பாருங்க அத்தான், எட்டு மணி நேரம்!" என்று என் மேசைத் தூசியில் விரலால் எழுதிக் காட்டினீர். மேனேஜர் என்ற கெத்தில் அதை நானும் முதலாளி ஹரிகிருஷ்ணனிடம் வேதவாக்காக ஒப்பித்தேன். காலையில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்காரர் கூப்பிட்டார், வருஷ ஆர்டர் விஷயமாக. விலையைக் குறைக்கச் சொல்லி மனிதர் அரைமணி நேரம் மல்லுக்கட்ட, முதலாளி மெல்ல இறங்கிவந்து, "ஒங்களுக்குப் போயி முடியாதுன்னு சொல்லுவேனா" என்று சொல்லவந்தவர் "முடியாது" வரைக்கும்தான் வந்தார், போன் போய்விட்டது. செல்லில் கூப்பிடலாமென்றால் டவரும் படுத்துவிட்டது.

முதலாளி ரிசீவரைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "ஏன்யா, ஸ்ரீவில்லிபுத்தூர் மணி வேற, நம்மூரு மணி வேறயா? எட்டு மணி நேரம்னீரே, ரெண்டு மணி நேரங்கூட நிக்கலையே? ஆர்டர் போச்சுன்னா நீரும் அது பின்னாலயே போயிரும்!"

பேட்டரியிலிருந்து போகிற ஒயரைப் பிடித்துக்கொண்டே மேசைக்கடியில் தவழ்ந்து போனேன். போனுக்கு மட்டுமென்று வைத்த இணைப்பில் வரிசையாக மூன்று மேசை விசிறி, எண்ண முடியாத செல் சார்ஜர், கடைசியில் கேஷியர் முத்துப்பேச்சியம்மா முட்டை அவிக்கிற மெஷின்! "இது என்னம்மா?" என்றால், "கரண்டு போனாலும் இந்தப் பிளக்குல மட்டும் வருதுன்னு யுவராணி சொல்லுச்சு சார்" என்கிறார். போன் ஆபரேட்டர் யுவராணியோ, "ஊரே அவிஞ்சு கெடக்கு, செத்த நேரம் காத்து வாங்குனா குத்தமா சார்?" என்கிறாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் உம் அக்கா அருள்செல்வியிடம் புலம்பினால், "எந்தம்பிய ஒண்ணும் சொல்லாதிய. அவன் போனுக்குத்தான பேட்டரி குடுத்தான், முட்டைக்கா குடுத்தான்?" என்று ரசத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். அது எப்படி மாப்பிள்ளை? வோல்ட்டைப் பெருக்கத் தெரிந்தவருக்கு, ஒரு ஆபீசில் ஓசிக் கரண்டைக் கண்டால் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று தெரிய வேண்டாமா? இதைவிட ரெண்டு மடங்கு பெரிய பேட்டரியோடு நாளைக்கே வந்து நீரே முதலாளி முன்னால் நில்லும். இல்லையென்றால் சர்ச்சில் வருகிற அசன விருந்துக்கு நான் உம் பக்கத்தில் இலை போட்டு உட்கார மாட்டேன், சொல்லிப்போட்டேன்.

தங்கச்சி பிரிஸ்கில்லாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் சகல ஆசீர்வாதமும் தருவாராக. உமக்கு எது தகுமோ அதை அவரே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மனம் வெந்துபோன அத்தான்,
வேதசிரோமணி

பின்குறிப்பு: வேன் கிளம்புவதற்குள் கரண்ட் வந்துவிட்டது, கோயம்புத்தூர்க்காரரும் கூப்பிட்டுவிட்டார். "முடியாதுன்னு சொல்லிப் பட்டுனு வச்சிட்டீங்களே, அவ்வளவு கறாரா? சரிங்க, பழைய விலைக்கே அனுப்புங்க" என்கிறார். முதலாளி எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். பேட்டரியை யாரும் தொடக்கூடாதாம். நீர் வர வேண்டாம். ஆனால் அடுத்த பேரம் வியாழக்கிழமை. அன்றைக்குக் கரண்ட் போகாதாம். என்ன செய்யலாம் என்று முதலாளி கேட்கிறார். யோசித்து உடனே எழுதும்.