இரண்டு மணிக்கு மேல் வாய் திறக்காத முதலாளி

கெராங்,
செவ்வாய்க்கிழமை

அடிலெய்டு நகரில் வேலைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தும் இன்னும் தாகம் தீராத மதிப்பிற்குரிய க்ளெனிஸ் அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் இமோஜென் மிகுந்த பணிவோடு (சிரிக்க வேண்டாம்) எழுதிக்கொள்வது. நானும் நாயும் நலம். அப்பாவின் வாய்தான் நலமில்லை.

வணிகர் சங்கம் அனுப்பும் சட்ட மாற்றங்களையெல்லாம் அப்பா அச்செடுத்து, நம் பேக்கரியின் கழிப்பறைக் கதவில் ஒட்டுகிறார். படிப்பது முதல் வரி மட்டும். இரண்டாம் வரிக்குப் போவதற்குள் அதன்மேல் ஒட்ட அடுத்த மாற்றம் வந்துவிடுகிறது. கடைசியாக வந்தது, வேலை நேரம் முடிந்தபின் முதலாளி கூப்பிட்டால் தொழிலாளி பதில் சொல்லாமல் இருக்கலாம் என்ற சட்டம். முதலாளி வாயே திறக்கக் கூடாது என்று அப்பா புரிந்துகொண்டார். மீறினால் ஜெயில் என்பதை அவராகவே சேர்த்துக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்குக் கடை மூடுகிறோம். அதற்குமேல் நோரீனைக் கண்டால் மனிதர் ஊமை.

நோரீனை உங்களுக்குத் தெரியும், பத்தொன்பது வருடமாக நம் கடையில் கறி அடைத்துச் சுடும் மீட் பை அவர் கைப்பக்குவம். சிக்கல் என்னவென்றால் இந்த ஊரில் இரண்டு மணிக்குமேலும் அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் நோரீனைப் பார்த்ததும் அப்பா பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் குந்திக்கொண்டார். சர்ச்சில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நோரீன் கை நீட்ட, இவர் பைபிளை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும்விட மோசம், புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் ஆட்டத்தில் அப்பாவின் அணித் தலைவியே நோரீன்தான். "ஏய் நெவில், பந்து எவ்ளோ தள்ளி நிக்குது?" என்றால் இவர் விரலைக் காட்டுகிறார். "நாக்கையும் மாவோட சேத்துப் பிசைஞ்சிட்டியா?" என்றால் கடிகாரத்தைக் காட்டுகிறார். கண் சிமிட்டுவதும் சட்டப்படி தொடர்பு கொள்வதுதான் என்று நான் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து மழையிலும் கறுப்புக் கண்ணாடி.

விளையாட்டு வினையானது நேற்றுதான். நோரீன் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பனுக்கு என்மேல என்னடி கோவம்? மாவு பிசைய மட்டும் நான் வேணும், வெளியில பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. பக்கத்து ஊரு ஸ்வான் ஹில் பேக்கரிக்காரங்க எத்தனை நாளா கூப்பிடுறாங்க தெரியுமா? சனிக்கிழமை பௌல்ஸ் ஃபைனல் முடியட்டும், போயிடறேன்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன; எல்லாம் சட்டத்தால் வந்த வினை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நோரீன் போனால் கடைக்குப் பூட்டுதான்; அப்பா சுட்ட மீட் பையை நம் நாய் தோண்டிப் புதைத்ததை நானே பார்த்தேன். அப்பாவிடம் சொன்னால், "ரெண்டு மணிக்குமேல அவளப் பத்திப் பேசறதே தப்பும்மா" என்கிறார். ஆகவே அத்தை, வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து இரண்டாம் வரியிலிருந்து படித்துக் காட்டுங்கள்.

மாமாவுக்கும் பூனைக்கும் தகுதிக்கேற்ப என் வணக்கமும் முத்தமும்.

கீழ்ப்படிதலுள்ள (மறுபடியும் சிரிக்க வேண்டாம்)
இமோஜென்

பி.கு.: தபால்தலை கிடைக்காமல் கடிதம் பன்னிரண்டு நாள் என் கைப்பையிலேயே கிடந்துவிட்டது. இதற்கிடையில் ஃபைனல். நோரீன் கடைசிப் பந்தை உருட்டக் குனிந்தபோது அப்பா தாங்க முடியாமல், "நோரீன்! இடது பக்கம்!" என்று அலறிவிட்டார். அதிர்ச்சியில் பந்து பக்கத்து ஆட்டத்துக்கே போய்விட்டது. அப்பா இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டி, "பேசிட்டேன். புகார் குடுத்துக்கோ. ஆனா போகாத" என்றார். நான் சொன்னது நிஜம்தான் என்று புரிந்ததும் நோரீன் சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருக்கணும்னா என்னைக் கடையில கூட்டாளி ஆக்கு. அப்புறம் எந்நேரமும் கத்திக்கலாம்." கோப்பை போனது, நோரீன் போகவில்லை.

இப்போது கடைக்கு இரண்டு முதலாளிகள். சனிக்கிழமைகளில் தட்டு கழுவும் நான்தான் ஒரே தொழிலாளி. நேற்று மணி இரண்டாகும்போது தட்டுகள் மலையாகக் கிடந்தன. "நீ சொல்லு நெவில்." "ஐயோ, மணி ஆயிடுச்சு, நீ சொல்லு." "நான் மாட்டேம்ப்பா, நானும் இப்ப முதலாளி." கடைசியில் இருவருமே கழுவினார்கள். எனவே அத்தை, தயவுசெய்து வராதீர்கள். சட்டத்தை இருவரும் மிகச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.