ஆர்டிஸின் விரல்களுக்காக ஒரு கராஜ்

மனைவிக்காகக் கட்டிய கட்டடங்களில் தலைசிறந்தது ஆக்ராவில் இருக்கிறது என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் அதன் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அதுவும் அந்த அம்மாள் கண்ணை மூடிய பிறகு கட்டியது. எங்கள் ஊர் டுவேன் ஹௌகன் அப்படிப்பட்டவர் அல்ல. மனைவி ஆர்டிஸ் உயிரோடு இருக்கும்போதே அவளுக்காக ஒரு கராஜ் கட்டினார். நாற்பதுக்கு அறுபது அடி. வாசல் உயரம் மட்டும் பதினாலு அடி.

நான் லிலாண்ட். மின்னசோட்டாவின் வடக்குக் கோடியில் இருக்கிற ஸ்கோக்பி ஊராட்சிக்கு முப்பது வருஷமாகச் செயலாளர். கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெடுப்பது என் வேலை. இந்த வரலாற்றுச் சாதனையை ஆதியிலிருந்து அறிந்தவன் என்ற முறையில், வருங்காலத் தலைமுறைக்காக இதை எழுதி வைக்கிறேன்.

ஆர்டிஸ் முதியோர் இல்லத்தில் சமையல்காரி. காலை ஆறரைக்குள் இருபத்திரண்டு கிழவர் கிழவிகளுக்குக் கஞ்சி போயாக வேண்டும். போன வருஷம் ஜனவரியில், விடிவதற்கு முன்னால் வாசலில் நின்று கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தவளுக்கு வலது கையில் இரண்டு விரல் வெள்ளையாகிப் போனது. பிறகு கறுத்து, தோல் உரிந்து, எப்படியோ பிழைத்தது. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

“ஒரு தடவ உறைஞ்ச விரல் அடுத்த தடவ இன்னும் சீக்கிரம் உறைஞ்சிடும்மா. மறுபடி ஆச்சுன்னா வெட்டத்தான் வேணும். அப்புறம் கத்தியப் பிடிச்சு ஒரு வெங்காயம் நறுக்க முடியாது.”

ஆர்டிஸ் வீட்டுக்கு வந்து டுவேனிடம் கேட்டது இவ்வளவுதான்: “ஒரு கார் நிக்கிற அளவுக்கு ஒரு கொட்டா போட்டுக் குடு டுவேன். வேற ஒண்ணும் வேணாம்.”

“ஒரு காருக்கா?” என்றார் டுவேன். “எப்படியும் கட்டறதுன்னு ஆச்சு. கொஞ்சம் பெருசாவே கட்டிருவோமே.”

‘எப்படியும் கட்டறதுன்னு ஆச்சு.’ எங்கள் ஊரில் இதுவரை எழுந்த பெரிய காரியங்கள் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இந்த மூன்று சொல்தான். பிப்ரவரியில் ஒரு கார் இடமாக இருந்த வரைபடம் மார்ச்சில் இரண்டு கார் இடமானது. ஈஸ்டருக்குள் அதில் ஒரு கழிப்பறை முளைத்தது. மே மாதம் அது டுவேனின் வீட்டைப் போல இரண்டு பங்குக்கு மேல் பெருத்துவிட்டது.

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. ஊராட்சி விதிப்படி ‘துணைக் கட்டடம்’ எதுவும் வீட்டைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஆனால் எங்கள் சட்டத்துக்கு ஈரமான நெஞ்சும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது ‘மெய்யான கஷ்டம்’ இருந்தால் விலக்கு கேட்கலாம். விண்ணப்பத்தில் கஷ்டத்துக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. டுவேன் அதில் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘மனைவியின் இரண்டு விரல்கள்.’

விசாரணைக்கு ஆர்டிஸ் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை இனிப்போடு வந்தாள். ஊராட்சிக் குழு உறுப்பினர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, எழுந்து வந்து விரல்களைப் பார்வையிட்டார்கள்.

“அடப் பாவமே!” என்றார் தலைவர் வெண்டெல். “இதைப் பாத்துட்டும் வீட்டவிடச் சின்னதாத்தான் கட்டணும்னு சொன்னா நாமெல்லாம் மனுஷங்களாய்யா?”

ஐந்துக்கு பூஜ்யம். விலக்கு வழங்கப்பட்டது. வெண்டெல் கான்கிரீட் வியாபாரம் செய்பவர், அந்தக் கராஜுக்குக் கான்கிரீட் கொட்டியதும் அவர்தான் என்பது தற்செயல். ஊரில் வேறு யாரும் அந்தத் தொழில் செய்வதில்லை. அதுவும் தற்செயல்.

கட்டட வேலையைப் பற்றி ஒரு காவியமே பாடலாம். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் மண் ஐந்தடி ஆழத்துக்கு உறைந்து போகும். அஸ்திவாரம் அதற்கும் கீழே போகாவிட்டால் வசந்தத்தில் சுவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். ஆழம் பார்த்தே காலை விட்டார்கள். தரைக்கடியில் அரை மைல் நீளத்துக்கு வெந்நீர்க் குழாய். சுவருக்குள் தலையணை கனத்துக்குப் பஞ்சு. தரைமேல் முகம் பார்க்கிற மாதிரி சாம்பல் நிறத்தில் பளபளப் பூச்சு. வெளியே மைனஸ் முப்பது இருக்கும்போது உள்ளே சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம். அவ்வளவு சூட்டில் பீர் கெட்டுவிடாதா? அதைக் குளிர வைக்க உள்ளே ஒரு ஃப்ரிட்ஜும் வாங்கி வைத்தார்கள். இதுதான் விஞ்ஞானம்.

அக்டோபரில் திறப்பு விழா. ஆர்டிஸ் காரை ஓட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். டுவேன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

“நிறுத்து, நிறுத்து! பூச்சு காயணும். முப்பது நாள்!”

சரி, முப்பது நாள். நவம்பரில் மறுபடி வந்தாள். அதற்குள் பனி விழுந்து, ரோட்டில் உப்பு தூவியிருந்தார்கள்.

“உப்பா?” டுவேனுக்கு முகம் வெளுத்தது. “கார்ல இருந்து உப்புத் தண்ணி ஒழுகுமே. தரை என்னத்துக்கு ஆகும்?”

“குளிர்காலத்துல கார்னா ஒழுகத்தான் செய்யும் டுவேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன். கார் ரொம்ப அழுக்கான சாமான் ஆர்டிஸ். நீ ஒண்ணு செய், ஏப்ரல்ல கொண்டு வா.”

நியாயமான யோசனை. ஆனால் இடம் சும்மா கிடந்தால் சரியா? படகு வந்தது. கோடையில் ஊர் சுற்றும் வண்டி வந்தது. பனியில் ஓட்டுகிற வண்டிகள் இரண்டு வந்தன. உறைந்த ஏரிமேல் வைத்து மீன் பிடிக்கிற குடிசை வந்தது. குளிருக்கென்றே செய்த அந்தக் குடிசை சளி பிடித்துவிடக் கூடாதென்று சூடான மூலையில் நின்றது. தினம் கழுவித் துடைத்த டுவேனின் பிக்கப் வண்டி மட்டும், உப்பு ரோட்டில் கால் வைக்காத காரணத்தால், நடு இடத்தில் வீற்றிருந்தது.

கடைசியாக நாங்கள் வந்தோம். குழு உறுப்பினர் ஐந்து பேரும் நானும் தினம் காலை ஐந்து மணிக்கு அங்கே காபி குடிக்கக் கூடுவோம். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ஆட்கள் அல்ல நாங்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, டுவேன் வாங்கி வைத்திருக்கிற கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவோம்.

இதில் ஒரு சின்னக் குறை. முன்பெல்லாம் ஆர்டிஸின் கார் வீட்டு வாசல் கம்பத்தில் ஒயர் செருகி நிற்கும். ராத்திரி முழுக்க எஞ்சினுக்குச் சூடு ஏறினால்தான் காலையில் வண்டி கிளம்பும். அந்த மின் இணைப்பைக் கராஜ் தரையைச் சூடாக்குவதற்காக அங்கே மாற்றிவிட்டார்கள். “வசந்தத்துல உனக்குப் புதுசா ஒண்ணு போட்டுத் தரேன்” என்று டுவேன் வாக்குக் கொடுத்திருந்தார்.

இந்த ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. மைனஸ் முப்பத்தெட்டு. நாங்கள் காபி மெஷினைச் சுற்றி உட்கார்ந்து, நாட்டின் வெளியுறவுக் கொள்கையை விமர்சித்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. ஆர்டிஸ்.

“பூட்ஸ், பூட்ஸ்!” என்றார் வெண்டெல்.

“உள்ள வரலப்பா. கார் ஸ்டார்ட் ஆகல. சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பண்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால்தான் அது மெய்யான கேள்வி, அப்போது சரி என்போம். ஒரு வாய் காபியானாலும் இப்படித்தான். தொட்டில் குழந்தைக்கும் இது தெரியும்.

“அடடா,” என்றார் டுவேன். “நான் கொண்டுபோய் விடட்டுமா?”

“வேணாம் வேணாம். உன் காபி ஆறிடும்.”

“நெஜமாவா? பிக்கப்ப எடுக்கறேனே.”

“எதுக்குச் சிரமம், இப்பத்தானே கழுவின.”

டுவேன் வாயைத் திறந்தார். திறந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் காபி மெஷின் கூவியது. டுவேன் திரும்பி எல்லோர் கோப்பையிலும் ஊற்றினார். மறுபடி வாசலைப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது.

“வேணாம்னுட்டா,” என்றார். “ரெண்டு தடவ கேட்டேன். நீங்கல்லாம் சாட்சி.”

“சாட்சிதான்,” என்றோம் ஆறு பேரும்.

ஒன்றரை மைல் நடந்து போயிருக்கிறாள். கஞ்சி சரியாக ஆறரைக்குப் போனது. இடது கையால் கிளறினாளாம். வலது கையில் ஐந்து விரலுமே வெள்ளையாகி, தட்டினால் மரக்கட்டைச் சத்தம் வந்தது என்று அங்கே வேலை செய்யும் நர்ஸ் சொன்னாள்.

டுவேன் துடித்துப் போனார். அதில் சந்தேகமே வேண்டாம். அந்த வாரமே அடுத்த விண்ணப்பத்தோடு என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கராஜை இன்னும் இருபதடி நீட்ட வேண்டும். எதற்கு? கார் கழுவும் கூடம். ஆர்டிஸின் கார் முதலில் கூடத்துக்குள் வரும். உப்புப் போகக் கழுவப்படும். துடைக்கப்படும். பிறகு ‘இட வசதியைப் பொறுத்து’ உள்ளே அனுமதிக்கப்படும். கஷ்டக் கட்டத்தில் எழுதியிருந்தார்: ‘மனைவியின் மேலும் மூன்று விரல்கள்.’

செவ்வாய்க்கிழமை விசாரணை. ஆர்டிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் பெரிய வெள்ளைக் கட்டு. இந்தத் தடவை இனிப்புத் தட்டு இல்லாததை உறுப்பினர்கள் கவனித்தார்கள், பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டார்கள்.

“ஆதரவா இருக்கறவங்க கை தூக்கலாம்,” என்றார் வெண்டெல். ஐந்து கை எழுந்தது. அவர் பார்வை பின்னால் போனது. “அட, அங்க பாருங்கய்யா! ஆர்டிஸே தூக்கிட்டா!”

“இது ஓட்டு இல்ல வெண்டெல்,” என்றாள் ஆர்டிஸ். “வீக்கம் வத்தறதுக்காகக் கையத் தூக்கியே வச்சிருக்கச் சொல்லியிருக்கார் டாக்டர்.”

“ஓ. சரி சரி. எப்படியும் உனக்கும் சம்மதம்தானே?”

“இல்ல.”

முதல் தடவை கேட்டதற்கே பதில் வந்துவிட்டது. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. என் முப்பது வருஷ அனுபவத்தில் அந்தக் கூட்ட அரங்கில் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“வெள்ளிக்கிழமை ரெண்டு விரல எடுக்கறாங்க,” என்றாள். “மத்த மூணு தேறுமான்னு தெரியாதாம். கத்தி பிடிக்க முடியாதவள எந்தச் சமையல்கட்டுல வெச்சுப்பாங்க? என் விரலக் காட்டிக் காட்டியே எல்லாம் வாங்கிட்டீங்க. போதும். எனக்குக் கூடமும் வேணாம், குழாயும் வேணாம். அந்தப் படக வெளிய தள்ளிட்டு என் கார உள்ள விடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.”

டுவேன் எழுந்து நின்றுவிட்டார். உண்மையிலேயே பதறிப் போயிருந்தார்.

“படகையா?” என்றார். “இந்தக் குளிர்லயா?”

உறுப்பினர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்டெல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இது... கொஞ்சம் வேற மாதிரி இருக்கு” என்றார். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி இதற்குமேல் கடுமையாக யாரும் பேசுவதில்லை. பக்கத்திலிருந்தவர் மெதுவாக, “வலிக்கு மாத்திர குடுத்திருப்பாங்க, பாவம்” என்றார். எல்லோருக்கும் மனசு லேசானது. ஐந்துக்கு பூஜ்யம். விலக்கு வழங்கப்பட்டது.

ஆர்டிஸ் எழுந்து கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். பொத்தான் போட வரவில்லை. ஒரு நிமிஷம் முயன்றுவிட்டு, அப்படியே திறந்த கோட்டோடு வெளியே போனாள். “உதவட்டுமா?” என்று யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

மறுநாள் நான் கூட்டக் குறிப்பை எழுதி முடித்தேன். ‘மனுதாரரின் மனைவி நேரில் வந்திருந்தார். ஓட்டெடுப்பு முழுவதும் அவருடைய கை உயர்ந்தே இருந்தது. எழுத்து மூலமான ஆட்சேபணை எதுவும் வரவில்லை.’ படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பத்து விரலும் நன்றாகத்தான் இருக்கின்றன.