கதவு மூடினால்தான் ராடு காயும்

மொக்கச்சாமி வைத்த வெல்டிங் ராடு இரும்புக் கதவோடு ஒட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தார். ராடு வரவில்லை, கீலில் மிச்சமிருந்த ஒற்றைத் திருகாணி கையோடு வந்தது.

"முன்னாடி ஆடிக்கிட்டாச்சும் இருந்துச்சு. இப்பத் தொங்குது," என்றாள் கருத்தம்மா. போடிமெட்டு ஏலக்காய் ஸ்டோரில், காய் உலர்த்தும் அறையின் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவள். நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"ராடு நமத்துப் போச்சு ஆத்தா. பைக்குல ஏறி வர்றப்ப பூரா மேகம்."

போடியில் பட்டறை வைத்திருக்கும் மொக்கச்சாமிக்கு இது வாடிக்கையான பதில். அவர் பற்ற வைத்த கேட்டு எங்கே கழன்று விழுந்தாலும் பழி ராடுமேல்தான். சித்திரை வெயிலிலும் அவர் ராடு நமத்துப் போகும். இன்றைக்குத்தான் நிஜமாகவே நமத்திருந்தது.

ஸ்டோர் முதலாளியம்மா மகாராணி காலையில் போனில், "கதவுல ஒரு சோலி, வெரசா வாங்கண்ணே" என்றதோடு சிக்னல் போய்விட்டது. வந்தவருக்கு, ஆடிக்கொண்டிருந்த இந்த உலர்த்தும் அறைக் கதவைக் காட்டியது கருத்தம்மாதான். சாயங்காலம் பச்சைக்காய் லோடு வரும். உடனே சூட்டில் போடாவிட்டால் அத்தனையும் கறுத்துவிடும்.

"அடுப்புல காட்டவா?" என்று கேட்ட கருத்தம்மா, ஒரு கட்டு ராடை நெருப்புக்குள்ளேயே செருகினாள். மேல்பூச்சு கடலைத் தோல் மாதிரி உதிர்ந்து வெறும் கம்பி மிஞ்சியது.

"காட்டுறேன்னுதான சொன்ன? வறுத்துட்டியே ஆத்தா."

நாலு ராடை மட்டும் அடுப்பு மேட்டில் அடுக்கினார். மீதிப் பெட்டியை உலர்த்தும் அறைக்குள் வைத்தார். மெஷினுக்கும் ஈரம் ஆகாது என்று, இரும்பு அறுக்கிற கிரைண்டரையும் உள்ளேயே வைத்தார். ஆனால் தொங்குகிற கதவு வழியாகச் சூடெல்லாம் மலையைக் காய வைக்கக் கிளம்பியது.

"கதவு மூடினாத்தான் ராடு காயும்."

"கதவை மூடத்தானண்ணே ராடு?"

"மேட்டுல நாலு காஞ்சிருக்கும்ல. நிலையோட சேத்து ரெண்டு பொட்டு வைக்கிறேன். அப்புறம் தட்டினா விழுந்துரும். நம்ம வேலைதான."

காய்ந்த ராடு சீறவில்லை, ஒட்டவில்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது. தொழிலுக்கு வந்த நாளாக அவர் இப்படி ஒரு ஓட்டத்தைக் கண்டதில்லை. கண் கலங்கிவிட்டது. கை நிற்க மறுத்தது. பொட்டு கோடாகி, கோடு மேலிருந்து கீழ்வரை இறங்கி, நாலு ராடும் தீர்ந்தபிறகுதான் நிமிர்ந்தார்.

உள்ளே ராடு காய்ந்திருக்கும் என்று தோன்றியதும் சுத்தியலால் தட்டினார். விழவில்லை. ஓங்கி அடித்தார். சுவரிலிருந்து காரை விழுந்தது. கருத்தம்மாவும் தன் பங்குக்கு உதைத்தாள்.

"கிரைண்டரை வச்சு அறுங்கண்ணே."

மொக்கச்சாமி மூடிய கதவைக் காட்டினார். "உள்ள இருக்கு."

லோடு ஜீப்பு வந்து நின்றது. மகாராணி இறங்கி வந்து, பற்ற வைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு நகக்கண் அளவுகூடப் பிசிறில்லை. மொக்கச்சாமிக்குப் பெருமையும் பயமும் சேர்ந்து வந்தன. நடந்ததைச் சொல்லிவிட்டு, செத்தாலும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததையும் சொன்னார்.

"போடியில எனக்குப் போட்டியா பேச்சிமுத்துன்னு ஒரு வெல்டரு இருக்கான்மா. அவன்கிட்ட நல்ல கிரைண்டரு இருக்கு. ஜீப்ப அனுப்பிக் கொண்டாரச் சொல்லுங்க."

மகாராணி அப்படியே ஒரு காய் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பேச்சிமுத்து கிரைண்டரும் ராடும் பக்கத்து ரூமுக்குள்ள கெடக்குண்ணே. அவரு மூடுன கதவை அறுக்கத்தான் உங்களையே வரச் சொன்னேன்."